கொதிநீர் எல்லா ஊரிலும் 100 பாகை அல்ல

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வேர்க்‌ஷொப்பில் வேலை செய்கிறேன். யாரும் எழுதி அனுப்பக்கூடிய தொழில்நுட்பக் கட்டுரைகளை வெளியிடும் ஓர் இணையத்தளத்தைப் பார்த்து, டிரையரின் வெப்பத்தைக் காட்டும் கருவி ஒன்றைச் செய்தேன். சென்சரைக் கொதிநீரில் வைத்து, காட்டும் அளவை 100க்குத் திருத்தும்படி கட்டுரை சொல்கிறது. எனக்கு 94தான் காட்டியது. 6 பாகையைக் கூட்டிவிட்டேன். கட்டுரைக்கு ஏகப்பட்ட நட்சத்திரங்கள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இத்தகைய தளத்தை நம்பலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: தம்பி, அந்த 6 பாகையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் சென்சர் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திருத்தியபடியே விட்டால், திரை 95 என்னும்போது டிரையருக்குள் 89தான் இருக்கும். தூளின் ஈரம் 3 வீத அளவுக்கு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காது. பழி உங்கள் தலையில் விழும்.

கட்டுரையாளர் பொய் சொல்லவில்லை. கடலோர ஊரில் அவர் சொன்னது சரி. ‘என் ஊரில், இந்த உயரத்தில் செய்தேன்’ என்று ஒரு வரி எழுதாததுதான் குறை. எங்கே, எந்த நிலைமையில் செய்தார் என்று சொல்லாத கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன். நட்சத்திரங்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. படித்துப் பிடித்துப்போனவரும் நட்சத்திரம் போடலாம், செய்து பார்த்தவரும் போடலாம். இருவரையும் அது பிரித்துக் காட்டாது.

எவரும் அனுப்பலாம் என்ற தளத்தில் கட்டுரைக்குக் கட்டுரை தரம் மாறும். எழுதியவர் தன் கையால் செய்தாரா என்பதை முதலில் பாருங்கள். டி.எஸ்.18பி20 என்ற வெப்பச் சென்சரையே எடுத்துக்கொள்வோம். மின் கொடுத்தவுடன், வெப்பத்தை அளக்கும் முன்பே வாசித்தால், அது 85 பாகை என்று காட்டும். செய்து பார்த்தவர் அதில் ஒருமுறையாவது திகைத்திருப்பார், அதை எழுதாமல் விடமாட்டார். ‘அரைப் பாகைத் துல்லியம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், தயாரிப்பாளரின் தரவுத்தாளைத் திறந்து பாருங்கள். அந்தத் துல்லியம் 85 பாகை வரைக்கும்தான். அதற்கு மேல் 125 வரை 2 பாகை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் டிரையர் ஓடுவது அந்த எல்லைக்கு மேலே. போதாததற்கு, சந்தையில் இந்தச் சென்சரின் போலிகளும் நிறைய.

தளத்தின் ஆசிரியர் குழுவை எடைபோடவும் உங்களிடமே வழி இருக்கிறது. கொழுந்து வாட்டுவதைப் பற்றி உங்களுக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே தேயிலை பற்றிய கட்டுரை இருந்தால் அதைப் படியுங்கள். பிழை மலிந்திருந்தால், உங்களுக்குத் தெரியாத துறைகளிலும் வந்ததை வந்தபடியே போட்டிருப்பார்கள் என்று கொள்ளலாம். திருத்தங்களைத் திகதியோடு காட்டுகிறார்களா என்பதும் முக்கியம். விக்கிப்பீடியாவில் ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரியும். அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கருவியைச் சோதிக்க, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிச் சென்சரை நடுவில் வையுங்கள். மலையிலுள்ள நுவரெலியாவிலும் கடலோரக் காலி நகரிலும் அது 0 பாகைதான். பிறகு டிரையர் ஓடும் சூட்டில், தொழிற்சாலையின் அளவுதிருத்தம் செய்த வெப்பமானியோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: பழைய வீடு. விளக்குக்குப் புதுச் சுவிட்ச் போட ஒரு கட்டுரை பார்த்தேன், எழுதியவர் அமெரிக்கர். கறுப்பு வயரைத் துண்டித்து அதில் இணைக்கச் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: வேண்டாம், தங்கச்சி. அமெரிக்க வீடுகளில் கறுப்பில்தான் மின் வரும். நம் பழைய வீடுகள் பிரித்தானிய முறையில் வயர் இழுத்தவை: சிவப்பில் மின் வரும், கறுப்பு நியூட்ரல், அதாவது மின் திரும்பிப் போகும் வயர். கறுப்பில் சுவிட்சைப் போட்டால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் மின் நிற்கும். பல்ப் மாற்றப் போகிறவருக்கு அது தெரியாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிற்காலத்தில் சேர்த்த வயர்கள் பழுப்பும் நீலமுமாக இருக்கலாம். ஒரே சுவரில் இரண்டு முறையும் கலந்திருந்தால் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவர் வந்து சோதிக்கும்வரை அந்தச் சுவிட்ச் மூடியைக் கழற்றாதீர்கள்.