மாரி காலத்தில் கினிப்பன்றிக் கூட்டுக்குள் மின்குமிழ் எரிக்க வேண்டுமா?

மட்டக்களப்பில் அதற்குத் தேவையே இல்லை. கினிப்பன்றிக்கு 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை இதமானது. நம் ஊரில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. போதாக்குறைக்கு, எட்டுகிற வயரையெல்லாம் கினிப்பன்றி கடித்து வைக்கும்.

இங்கே எதிரி ஈரம்தான். சாரல் அடிக்கும் விறாந்தையிலிருந்து கூட்டை உள்ளே எடுத்து, சீமெந்துத் தரையில் படாமல் நான்கு செங்கற்களின் மேல் வையுங்கள். விரிப்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றே மாற்றிவிட வேண்டும். விட்டால் பாதம் புண்ணாகும். வைக்கோலையும் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். அடை மழையில் மூலையில் கிடந்த வைக்கோலில் பூஞ்சணம் பிடித்திருக்கும், அது மூச்சுக்கு ஆகாது. (மாட்டுக்கே போடத் தயங்குவோம்!) ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, விற்றமின் சீ கிடைக்கத் தினமும் ஒரு கொய்யாத் துண்டு. அதன் உடல் அந்தச் சத்தைத் தானாக உண்டாக்காது.

மூக்கு ஒழுகினாலோ, மூச்சு விடும்போது கிளிக் என்று சத்தம் வந்தாலோ கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோற்றிக் மருந்தை மட்டும் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். குடலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும்.