ஜாங்கோவுக்கு அடுத்து யாரைக் கேட்பது?

வணக்கம். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் 1930களின் ஒலிப்பதிவுகளில் இரைச்சல் மிகுந்திருப்பதால் தாள கிட்டார் தெளிவாகக் கேட்கவில்லை, வேறு யாரைக் கேட்கலாம் என்று வினவியிருந்தீர்கள். நெதர்லாந்தின் கிட்டார் கலைஞர் ஸ்டோகெலோ ரோசன்பர்க்கிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய மூவர் குழுவில் தாள கிட்டார் வாசிக்கும் நூஷே ரோசன்பர்க், இரண்டாம், நான்காம் அடிகளில் தந்திகளை மீட்டியவுடன் ஒலியை அடக்கி, டிரம்ஸ் இல்லாத குறையே தெரியாதபடி தாளத்தைத் தாங்கிப் பிடிப்பதைத் துல்லியமாகக் கேட்கலாம். பிரான்ஸின் பிரெலி லக்ரேனும் மாபெரும் கிட்டார் கலைஞர்தான். அவருடைய வேகம் தொடக்கத்தில் உங்களைத் திணறடிக்கக்கூடும்.

பிறகு ஜாங்கோவிடம் கட்டாயம் திரும்புங்கள். 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கியதால், எஞ்சிய இரண்டைக் கொண்டே பெரும்பாலும் தனிவாசிப்புகளை வாசித்த அருமை அப்போது விளங்கும். பின்னணியில் அவருடைய தம்பி ஜோசப்பின் தாளமும் மெல்லப் பிடிபடும்.