ஷெங்கன் விசா இருக்கிறது, குவாதலூப் போகலாமா?

கேள்வி: புதுச்சேரியில் இருக்கிறோம். அண்ணன் பாரிஸ் பக்கத்தில் குடியிருக்கிறார், பிரெஞ்சு நேஷனாலிட்டி. ஜனவரியில் நான், மனைவி, 67 வயது அம்மா, 6, 9 வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போகிறோம். பிரெஞ்சுத் தூதரகம் கொடுத்த 30 நாள் ஷெங்கன் விசா வந்துவிட்டது. ஒரு முறை நுழைவு. அங்கிருந்து ஒரு வாரம் கரீபியனில் இருக்கும் குவாதலூப் தீவுக்குப் போய்வர ஆசை. "அதுவும் பிரான்ஸ்தான், தனி விசா வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட். அண்ணனும் அடையாள அட்டையைக் காட்டிப் போய்வந்ததாகச் சொல்கிறார். ஆன்ஸ்-பெர்த்ரானில் "பிரைவேட் பீச் வில்லா", ஒரே நாளில் எல்லா பீச்சும் காட்டும் டூர் என்று பேக்கேஜ் போட்டுத் தந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கட்டியிருந்தால் இன்றைக்கே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கடற்கரையைப் பிறகு பார்ப்போம். இப்போதைய நிலையில் நீங்கள் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தைத் தாண்டப் போவதில்லை.

குவாதலூப் பிரான்ஸ்தான், அதில் பொய்யில்லை. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோதான் செல்லும். அங்கிருப்பவர்கள் ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அந்தத் தீவு உண்டு. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் பகுதிக்குள், இல்லை. உங்கள் கையில் இருக்கும் 30 நாள் விசா, பிரான்சைப் பொறுத்தவரை, அதன் ஐரோப்பிய நிலப்பகுதிக்கு மட்டும்தான் செல்லும். குவாதலூப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் போகுமிடம் குவாதலூப் என்றே போட வேண்டும். கொடுக்கிற விசாவிலும் அந்த இடம் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானக் கம்பெனிக்காரர்களே உங்களை ஏற்ற மாட்டார்கள்.

அண்ணன் சொன்னது அவருக்குச் சரி. குடிமகன், அட்டையைக் காட்டினார், போனார். அந்த அனுபவம் இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாது. குடும்பத்துக்குள் இப்படித்தான் தவறான தகவல் பரவுகிறது. ஏஜென்டுக்கு அது வசதி. "உங்க அண்ணனே சொல்றாரே சார்" என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார்.

இரண்டாவது சிக்கலை யாருமே சொல்வதில்லை. உங்களுடையது ஒரு முறை நுழைவு விசா. பாரிசில் இறங்கியதுமே அந்த ஒரு முறை தீர்ந்துவிடுகிறது. குவாதலூப்புக்கு விமானம் ஏறினால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி அண்ணன் வீட்டுக்கு வர இன்னொரு நுழைவு வேண்டும், அது உங்களிடம் இல்லை. ஆக, தீவுக்கான விசா கிடைத்தாலும் ஷெங்கன் விசா குறைந்தது இரு முறை நுழைவாக இருந்தாக வேண்டும். ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே தூதரகம். நடுவில் இரண்டு விசா. இதை விண்ணப்ப மையத்தின் கவுன்டரில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டார்கள். "எங்கெல்லாம் போகிறீர்கள்" என்று கேட்டு ஒரு தாளைக் கொடுத்தால் போதும், பாதிக் குடும்பங்கள் தப்பிக்கும். காகிதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கி வைத்துக்கொள்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கும் தனிக் கட்டணம்.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அண்ணியைப் பற்றி ஒன்றும் இல்லை. அவரும் கூட வருவார் என்று நினைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. அண்ணி இன்னும் இந்திய பாஸ்போர்ட்டிலேயே இருந்து, பிரான்ஸ் கொடுத்த குடியிருப்பு அட்டை, அதாவது 'கார்த் தெ செஜூர்', வைத்திருந்தால், குறுகிய பயணத்துக்கு அவருக்குத் தனி விசா தேவையில்லை. அட்டையும் பாஸ்போர்ட்டும் போதும், திரும்பி வரவும் அதுவே செல்லும். ஆனால் அட்டையின் காலக்கெடு பயண நாட்களைத் தாண்டி இருக்க வேண்டும். புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ஒரு ரசீதுத் தாளோடு நிற்பவர்கள், அதை அட்டை என்று நினைத்துக் கிளம்பாமல் முதலில் அட்டை கொடுக்கும் அரசு அலுவலகமான பிரெஃபெக்சரில் கேட்டுவிட வேண்டும். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ வாங்கிய குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது சேர்ந்துகொண்டால், அவருக்கும் இதே கணக்கைப் போடாதீர்கள். தூதரகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். முக்கியமாக, இந்த விலக்கு அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும். அவரோடு பயணம் செய்கிற மாமியாருக்கோ கொழுந்தனாருக்கோ ஒட்டிக்கொண்டு வராது. "வீட்டில் ஒருவருக்கு அட்டை இருந்தால் போதும்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அவரிடம் பஸ் டிக்கெட்கூட வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? கையிலிருக்கும் விசாவை ஏஜென்ட் "பலமுறை நுழைவாக மாற்றித் தருகிறேன்" என்றால் நம்பாதீர்கள். மாற்றுவது அவர் கையில் இல்லை. புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாயின்ட்மென்டைப் பிளாக்கில் விற்பவர்கள் இந்தச் சமயத்தில்தான் முளைப்பார்கள். தீவின் தங்குமிடப் பதிவு, போக வர டிக்கெட்டுக்கான முன்பதிவு, காப்பீடு எல்லாவற்றையும் வைத்து நீங்களே நேராக விண்ணப்பியுங்கள். பணம் திரும்பாத டிக்கெட்டை விசா வருவதற்கு முன் வாங்க வேண்டாம். மலிவாக இருக்கிறதென்று மயாமி வழியாகப் போட்டுக் கொடுத்தாலும் வேண்டாம். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா கேட்பார்கள்.

இனி கடற்கரை. குவாதலூப்பின் முக்கிய நிலம் இரண்டு சிறகுகள். கிழக்கே கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புப் பாறை நிலம், பவளத்திலிருந்து வந்த வெள்ளை மணல். மேற்கே பாஸ்-தேர்: எரிமலை மலை, 1,467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர், அதனால் பழுப்பும் கறுப்புமாக மணல். நடுவில் உப்பாறு என்று பெயர் வைத்த ஒரு கடற்கால். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து அடிப்பதால், அட்லான்டிக்கைப் பார்த்த கரைகளில் அலை முரட்டுத்தனமாக இருக்கும். குளிர்காலத்தில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும்: தொலைதூர வடக்குப் புயல்கள் கிளப்பிவிடும் பெரிய அலைகள் இங்கே வெயில் அடிக்கும்போதே வந்து வடக்கு, வடமேற்குக் கரைகளில் மோதும். நீங்கள் போவது ஜனவரியில்.

உங்கள் ஏஜென்ட் கொடுத்திருக்கும் ஆன்ஸ்-பெர்த்ரான் தீவின் வட முனை. செங்குத்துப் பாறைகள், கீழே கொந்தளிக்கும் கடல். பார்க்கப் பிரமாதமான இடம், ஒரு மாலை போய்வர வேண்டிய இடம். அங்கே லபோர்த் என்ற வெள்ளை மணல் கரையின் படம்தான் எல்லா விளம்பரத்திலும் வரும். அதன் நீரோட்டம் நல்ல நீச்சல்காரர்களையே இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் தெரியாத ஐந்து பேரை அங்கே ஒரு வாரம் தங்கவைப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. வாடகை குறைவு, கமிஷன் அதிகம் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

அப்புறம் அந்த "பிரைவேட் பீச்". குவாதலூப்பில் அப்படி ஒன்று கிடையாது. கடற்கரை அரசின் பொதுச் சொத்து. காலனிக் காலத்திலிருந்தே கரையோரம் 81.20 மீட்டர் அகலத்துக்கு 'ஐம்பது தப்படி' என்று ஒரு பட்டையை ஒதுக்கி வைத்த பழக்கம் அங்கே உண்டு. ஹோட்டல்காரர் சாய்வு நாற்காலிக்குக் காசு கேட்கலாம், மணலுக்குக் கேட்க முடியாது. பெரிய ரிசார்ட் வைத்திருக்கும் கரவெல் கடற்கரையில்கூட ஊர்க்காரர்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். ஆகவே "தனிக் கடற்கரை" என்று பில்லில் ஒரு தொகை இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது கிராந்த்-தேரின் தென்கரையில் சேன்த்-ஆன் ஊர். ஊர்க் கடற்கரைக்கு முன்னால் பவளத் திட்டு தடுப்பாக நிற்பதால் அலை உள்ளே வருவதற்குள் அடங்கிவிடும். தண்ணீர் ஆழமில்லை, கடைகளும் சாப்பாடும் பக்கத்திலேயே. அம்மா படியேறி இறங்க வேண்டிய வீடாக இல்லாமல், கரையிலிருந்து தட்டையாக நடந்து வரக்கூடிய வீடாகப் பாருங்கள். கிழக்கே கொஞ்சம் தள்ளி புவா ஜொலான் இருக்கிறது. அங்கே கடலுக்குள் வெகு தூரம் நடந்தாலும் இடுப்பளவு தாண்டாத இடங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அதுதான் சொர்க்கம். ஆனாலும் கரையில் ஒருவர் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலான கடற்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது.

மற்றவை பார்க்க மட்டும். தெயேயில் உள்ள கிராந்த் ஆன்ஸ் பொன்னிற மணலோடு நீளமாகக் கிடக்கும், ஆனால் கரையிலிருந்து சட்டென்று ஆழமாகும். ஜனவரி அலையில் பிள்ளைகளை இறக்காதீர்கள். த்ருவா-ரிவியேரின் கறுமணல் வெயிலில் காலைச் சுடும், கடலும் முரடு. புவான்த் தே ஷாத்தோ கிழக்கு நுனி. காற்றும் நுரையும்தான், குளியல் இல்லை. பாஸ்-தேரின் மேற்குக் கரையில் இருக்கும் மலாந்தூருக்கு மட்டும் அம்மாவுக்காகப் போங்கள்: கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகில் பிஜோன் தீவுத் திட்டுகள் வரை போகலாம், கால் நனையாமலேயே பவளமும் மீனும் பார்க்கலாம். அந்தக் கடல்பகுதி பாதுகாக்கப்பட்டது. சேன்த்-ஆனிலிருந்து அங்கே போகவே மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், புவான்த்-ஆ-பீத்ர் நகர நெரிசலில் மாட்டினால் இன்னும் அதிகம். ஒரே நாளில் எல்லா பீச்சும் என்ற டூர், வேனின் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கும் டூர்.

கார் வாடகைக்கு எடுங்கள், பஸ்ஸை நம்ப முடியாது. அண்ணன் ஓட்டினால் அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், பிணைத்தொகை அதில்தான் பிடிப்பார்கள். நீங்கள் ஓட்டுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அங்கே ஓட்டுவது வலப்பக்கம்.

பிள்ளைகள் விஷயத்தில் அலையைவிட எனக்கு ஒரு மரத்தின் மேல்தான் பயம். மான்செனில் என்று பெயர். கடற்கரை மணலிலேயே நிழல் தந்துகொண்டு நிற்கும், சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைக் காய் கீழே கொட்டிக் கிடக்கும். நம் பிச்சாவரத்துத் தில்லை மரத்துக்கு உறவு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்து மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இது அதைவிடக் கொடியது. காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் பொசுக்கும். தண்டில் சிவப்புப் பெயின்ட் பட்டை அடித்திருப்பார்கள், அல்லது பலகை வைத்திருப்பார்கள். எல்லா மரத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழம் எதையும் பொறுக்கக் கூடாது என்று விமானத்திலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். பட்டுவிட்டால் 112க்குப் போன் செய்யுங்கள்.

அம்மாவுக்கு ஒரு நாள் கோயில் வேண்டுமென்றால் கப்பெஸ்தேரில் ஷாஞ்சி கோயில் இருக்கிறது, பாஸ்-தேர் நெடுஞ்சாலை ஓரத்திலேயே. 1854 டிசம்பரில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்ததிலிருந்து, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும் மற்ற இடங்களிலிருந்தும் 40,000க்கு மேற்பட்டவர்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் வாரிசுகள் கட்டிக்காக்கும் கோயில்களில் அது ஒன்று. அங்கே தமிழில் பேச்சுக் கொடுத்துப் பதில் வரவில்லையே என்று அம்மா வருத்தப்பட வேண்டாம். பேசுவது பிரெஞ்சும், தீவின் கலப்பு மொழியான கிரியோலும். 'கொலம்போ' என்று மசாலாக் குழம்பு ஒன்று எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கும். பெரும்பாலும் ஆடு அல்லது கோழி. சைவமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்.

விசா ஜனவரிக்குள் வராமல் பயணம் மே, ஜூன் என்று தள்ளிப் போனால், மேலே சொன்ன ஊரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011 முதல் வெப்பமான மாதங்களில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அட்லான்டிக்கிலிருந்து மிதந்து வந்து கிழக்கு, தெற்குக் கரைகளில் குவிகிறது. அழுகினால் கூமுட்டை நாற்றம், மூச்சுத் தொந்தரவும் உண்டு. சேன்த்-ஆன் பக்கமும் அதற்குத் தப்புவதில்லை. அந்த மாதங்களில் வடக்கு அலையும் ஓய்ந்திருக்கும் என்பதால், மேற்கைப் பார்த்த போர்-லூயி ஊரில் சூஃப்லர் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். ஏஜென்டிடம் படம் கேட்காதீர்கள். வீடு எந்த ஊரில், எந்தத் திசைக் கடலைப் பார்த்து இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பும் பதிவாகவும் இருக்கட்டும்.