அறிகுறியே இல்லாத சிறுநீரக நோய்: உரியவருக்கே தெரியாமல் போவது ஏன்?

கேள்வி: என் தாயாருக்கு வயது 62. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும், அதன் பின் வந்த இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன் செய்த இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) 1.3 என்றும், இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 46 என்றும் வந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாக அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னார்கள். பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கிரியேட்டினின் 1.2 இருந்திருக்கிறது. அவருக்கு வீக்கம் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் நன்றாகவே போகிறது. இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி? அம்மாவிடம் இதைச் சொல்லலாமா? சொன்னால் பயந்துவிடுவாரே. இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது அரிதான ஒன்றன்று. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. பரிசோதனை வசதிகள் மிகுந்த அமெரிக்காவிலேயே, இந்நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை அதை அறியாமல் இருப்பதாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது. நோய் முற்றிய நிலையில் இருப்பவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது தெரியாது. ஆகவே உங்கள் தாயாரின் கவனக்குறைவு என்றோ, உங்களுடையது என்றோ வருந்த வேண்டியதில்லை. ஒரு பாதிக் காரணம் சிறுநீரகத்தின் இயல்பில் இருக்கிறது. மறு பாதி, பரிசோதனை முடிவுகள் படிக்கப்படும் விதத்திலும் சொல்லப்படும் விதத்திலும் இருக்கிறது.

முதலில் சிறுநீரகத்தின் இயல்பைப் பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டுமாகச் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மீண்டும் இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, எஞ்சிய ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை மட்டுமே சிறுநீராக வெளியேற்றுகின்றன. நுண்வடிகட்டிகளில் ஒரு பகுதி அழிந்துபோனால், மிஞ்சியவை கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர் நலமாக வாழ முடிவதும் இதனால்தான். இந்த ஈடுகட்டும் ஆற்றல்தான் நோயை மறைத்தும் வைக்கிறது. வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் சிறுநீரின் அளவு குறையாது. சிறுநீரைச் செறிவூட்டும் ஆற்றல் தளர்வதால், இரவில் எழுந்து செல்வது கூடவும் செய்யலாம். சிறுநீர் நன்றாகப் போகிறது என்பது நீர் வெளியேறுகிறது என்பதற்கு மட்டுமே சான்று; கழிவுகள் வெளியேறுகின்றன என்பதற்குச் சான்றன்று. கல்லோ கிருமித் தொற்றோ இருந்தால் வலி தெரியும், ஆனால் சர்க்கரையாலும் இரத்த அழுத்தத்தாலும் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேயும் சிறுநீரகம் வலிப்பதில்லை. களைப்பு, அரிப்பு, பசியின்மை, கால் வீக்கம் ஆகியவை பெரும்பாலும் கடைசிக் கட்டங்களில்தான் வெளிப்படுகின்றன. அப்போதும் அவற்றை வயதின் மேலும் வேலைப்பளுவின் மேலும் போட்டுவிடுகிறோம்.

அடுத்தது, உங்கள் கையில் இருந்த அந்தப் பழைய அறிக்கை. கிரியேட்டினின் 1.2 வரை இயல்பு என்று பல ஆய்வகங்கள் அச்சிடுகின்றன, ஆகவே 1.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எச்சரிக்கைக் குறியும் இருந்திருக்காது. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வலுவுள்ள 25 வயது இளைஞருக்கு 1.1 என்பது ஏறத்தாழ 95 என்ற வடிகட்டும் திறனைக் குறிக்கும்போது, அதே 1.1 ஒரு 65 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 56 என்பதைக் குறிக்கிறது. உங்கள் தாயாரின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயதுப் பெண்ணுக்குக் கிரியேட்டினின் 0.8 என்றால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 84; 1.2 என்றால் ஏறத்தாழ 52. 'இயல்பு' என்று அச்சிடப்பட்ட எல்லைக்குள் நின்றபடியே முப்பது புள்ளிகளுக்கு மேல் இழப்பு நேர்ந்துவிட முடியும். இதனால்தான் கிரியேட்டினினை மட்டும் எழுதி, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ-ஜிஎஃப்ஆர் எண்ணைத் தராத அறிக்கையை நான் அரைகுறை அறிக்கை என்றே கருதுகிறேன். அப்படி வந்தால், அதைக் கணக்கிட்டுத் தரும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். எண்ணைக் கவனித்த மருத்துவர்கூடப் பல நேரங்களில் நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சர்க்கரை, அழுத்தம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் சில நிமிடங்களில் பேசி முடிக்க வேண்டிய நெருக்கடி ஒருபுறம்; சிறுநீரகம் என்று சொன்னவுடன் நோயாளி டயாலிசிஸை நினைத்துக் கலங்குவாரே என்ற பரிவு மறுபுறம். பரிவு உண்மையானதுதான், ஆனால் அதன் விளைவு நல்லதாக இருப்பதில்லை. தனக்குப் பெயருள்ள ஒரு நோய் இருக்கிறது என்று கேட்டறியாதவர் அதை அடுத்த மருத்துவரிடமும் சொல்ல மாட்டார், மருந்துக் கடையிலும் சொல்ல மாட்டார்.

உங்கள் தாயாரிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு என் விடையும் இதிலேயே இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும், அதுவும் விரைவில். மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்வது மிகப் பரவலான பழக்கம். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகளும், நீர் பிரியும் மாத்திரையும் எடுத்துக்கொள்பவர் இவற்றையும் சேர்த்துக்கொண்டால், சில நாள்களிலேயே சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். உள்ளடக்கம் தெரியாத மூலிகைப் பொடிகளிலும் உலோகக் கலப்பு அபாயம் உண்டு. சிறுநீரகம் தளரும்போது இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் உடலில் கூடுதல் நேரம் தங்கும் என்பதால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். சர்க்கரை தானாகவே கட்டுக்குள் வந்துவிட்டது என்று அதைக் கண்டு மகிழும் குடும்பங்களும் உண்டு. மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டால், இ-ஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே வரும்போது அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடலில் நீர் வற்றும் நாள்களில் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். நோய் இருப்பது தெரியாதவரால் இவற்றில் எதையும் தவிர்க்க இயலாது. அவரிடம் சொல்லும்போது, இப்போதுள்ள நிலை டயாலிசிஸிலிருந்து மிகவும் விலகியது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இ-ஜிஎஃப்ஆர் 46 என்பது ஐந்து நிலைகளில் மூன்றாவதன் முற்பகுதி. இந்நிலையில் உள்ளவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் டயாலிசிஸ் வரை போவதே இல்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய அச்சுறுத்தல் மாரடைப்பும் பக்கவாதமும்தான், அவற்றைத் தடுக்க வழிகள் இருக்கின்றன.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்டது என்கிறோம். உங்களிடம் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரு அறிக்கைகள் இருப்பதால் ஐயத்துக்கு அதிக இடமில்லை என்றாலும், நீர்ச்சத்துக் குறைவும் முந்தின நாள் உண்ட இறைச்சியும் கிரியேட்டினினைச் சற்றே கூட்டக்கூடும் என்பதால் ஒருமுறை திரும்பச் செய்து உறுதிப்படுத்துவது நல்லது. அதோடு, உங்கள் கடிதத்தில் குறிப்பிடப்படாத ஒரு பரிசோதனை இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் மிக அவசரமானது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கிரியேட்டினினுடன் ஒப்பிடுகையில் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் ஏசிஆர் பரிசோதனை அது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. 300-ஐத் தாண்டினால் நோய் வேகமாக வளரும் வாய்ப்பு மிகுதி. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் இந்தச் சிறு கசிவு அகப்படாமல் போகலாம். வடிகட்டும் திறன் இயல்பாக உள்ளபோதே இக்கசிவு தொடங்கிவிடக்கூடும் என்பதால்தான், சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை இ-ஜிஎஃப்ஆர், ஏசிஆர் இரண்டையும் செய்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். ஸ்கேன் இயல்பாக இருக்கிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த நிலையில் சிறுநீரகம் ஸ்கேனில் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும், சர்க்கரை நோயில் சற்றுப் பெரிதாகவும் தெரியலாம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, கடந்த சில ஆண்டுகள் உண்மையிலேயே நம்பிக்கை தரும் ஆண்டுகள். இரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைத்திருப்பதும், ஆல்புமின் கசிந்தால் ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற மருந்துகளில் ஒன்றைத் தாங்கக்கூடிய உச்ச அளவில் தருவதும் நெடுநாளாக நடைமுறையில் இருப்பவை. இவற்றைத் தொடங்கியவுடன் கிரியேட்டினின் சிறிதளவு ஏறும். முதல் நான்கு வாரங்களில் 30 விழுக்காட்டுக்குள் ஏறினால் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஏற்றத்தைக் கண்டு பயந்து தானே மருந்தை நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர், அதனால் இழப்பு அவர்களுக்கே. 2019-லிருந்து வெளியான பெரிய ஆய்வுகள், கானாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகள் சர்க்கரையைக் குறைப்பதற்கு அப்பாலும் சிறுநீரகத்தைக் காப்பதைக் காட்டியுள்ளன. உங்கள் தாயாருக்கு இவற்றில் ஒன்று பொருந்துமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் அவரது வயதில் பெரும்பாலும் தேவைப்படும்.

உணவில் உப்பை நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்துவதே முதல் வேலை. புரதத்தை உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவில் வைத்துக்கொண்டால் போதும். பழத்தையும் பருப்பையும் பயந்து ஒதுக்கித் தாயாரை மெலிய வைத்துவிடாதீர்கள். பொட்டாசியம் கூடியிருப்பதாக இரத்தப் பரிசோதனை சொன்னால்தான் அந்தக் கட்டுப்பாடு வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சரியாகிவிடும் என்பதும் உண்மையன்று, தாகத்துக்குக் குடித்தால் போதும்.

இரண்டு ஆண்டுகளில் 52-லிருந்து 46 என்பது ஆண்டுக்கு மூன்று புள்ளி இறக்கம். வயதினால் மட்டும் நேரும் இறக்கம் ஆண்டுக்கு ஒன்றை ஒட்டியது என்பதால் இது கவலைக்குரியதுதான், ஆனால் அவசர நிலை அன்று. ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் இறங்கினாலோ, இ-ஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனாலோ, ஏசிஆர் 300-ஐத் தாண்டினாலோ, சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலோ சிறுநீரகச் சிறப்பு மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். அதுவரை நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு பரிசோதனைகளையும் செய்து, முடிவுகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதி வாருங்கள். ஒற்றை எண்ணைவிட, எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதே மருத்துவருக்குக் கூடுதலாக உதவும். அந்தத் தாளின் தலைப்பில் நோயின் பெயரையும் நிலையையும் எழுதி வையுங்கள். பல் மருத்துவர் உட்பட யாரிடம் சென்றாலும் அதை முதலில் காட்டட்டும். சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கு முன்பும் அவ்வாறே செய்யட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெற்றோருக்குச் சிறுநீரக நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஒரு இரத்தப் பரிசோதனையையும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையையும் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.