கைவிட்ட காக்கா யாருக்குச் சொந்தம்?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இணையத்தில் ஒரு நகைச்சுவைச் சித்திரத் தொடர் வரைகிறேன். ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர், இறங்கவே மறுக்கும் ஒரு ஆடு. முதலில் ஆட்டுக்குப் பதில் பேசும் காக்கா இருந்தது. அது வாயைத் திறந்தாலே சிரிப்பு போய்விடுகிறது என்று 12 பக்கத்தோடு விட்டுவிட்டேன். இப்போது ஒரு நிறுவனம் தொடரை வாங்கக் கேட்கிறது. ஒப்பந்தத்தில் 'வெளியிட்டவை, வெளியிடாதவை, கைவிட்டவை அனைத்தும்' என்று இருக்கிறது. நடுவில் ஒரு ஏஜென்ட், 'உங்கள் ஐடியாவைப் பதிவு செய்து தருகிறேன், 15,000 ரூபாய்' என்கிறார். கொடுக்கலாமா? பகலில் நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் டிசைனர்."

கொடுக்காதீர்கள். ஐடியாவை யாராலும் பதிவு செய்ய முடியாது. தன் நாடகத்தைத் திருடிப் படமெடுத்துவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் போட்ட வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. ஆட்டோவில் ஆடு ஏறுவது கரு. அதை நாளை யார் வேண்டுமானாலும் வரையலாம். நீங்கள் வரைந்த அந்த ஆடு, அந்த முழி, அந்தக் கட்டங்களின் வரிசை, வசனம், இவை உங்களுடையவை. கையால் வரைந்த நொடியிலேயே உரிமை வந்துவிட்டது, பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஓவியப் படைப்பு ஒன்றுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். வேறு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும், அதன்பின் குறைகளைச் சுட்டி ஒரு கடிதம், அதற்கு நம் பதில், மறுபடி காத்திருப்பு. தனியாக வரைந்து பிழைக்கிறவர்களை இப்படி இழுத்தடிப்பதால்தான் ஏஜென்ட்கள் தழைக்கிறார்கள். எனக்கு இதில் பொறுமை போய்ப் பல வருடமாகிறது. படைப்பைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால், தேதிக்கு அதுவே போதுமான ஆதாரம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இப்போது காக்கா. வெளியிடாத 12 பக்கமும் முழுக்க உங்கள் சொத்து. பிடிக்காமல் விட்டதால் உரிமை போகாது. வாசகர்கள் பார்க்காத அந்தத் தாள்கள்தான் உங்களுடைய நல்ல சாட்சி. ஆடு எங்கிருந்தோ சுட்டது என்று நாளை யாராவது சொன்னால், காக்கா பேசியது, சரிப்படவில்லை, அப்புறம் பேசாத ஆடு வந்தது என்ற தடம் அதில்தான் இருக்கிறது. அழித்துத் திருத்திய கோடுகளைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். பேச்சை எடுத்துவிட்டு மௌனத்தை வைத்ததுதான் உங்கள் தொடரின் உயிர் என்று நினைக்கிறேன். அதை நீங்களே கண்டுபிடித்ததற்கு ஆதாரம் வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அந்த வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குச் சொந்தம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். இரவில், வீட்டில், உங்கள் விருப்பத்துக்கு வரைந்தது அதில் வராது. ஆனால் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' என்று எழுதி, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் சிக்கல். அலுவலக லேப்டாப்பில் வரைந்தீர்களா? அதனாலேயே அது அவர்களுடையதாகிவிடாது, ஆனால் வாதாட அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். மதிய இடைவேளையில் அலுவலக மேசையில் வரைந்ததும் அப்படித்தான். ஆட்டை அலுவலக விளம்பரம் எதற்காவது ஒருமுறை வரைந்து கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள், கதையே மாறும். இதைத் தீர்க்காமல் வேறு யாருக்கும் விற்காதீர்கள்.

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடு, எவ்வளவு பணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும். ஆனால் 'இது பொருந்தாது' என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம், பெரும்பாலும் சேர்த்தே தருவார்கள். அந்த வரியைத் தேடுங்கள்.

'கைவிட்டவை' என்ற சொல்லை அடித்துவிட்டு, விற்கும் பக்கங்களின் எண்களை எழுதச் சொல்லுங்கள். காக்காவும் வேண்டும் என்றால் அதற்குத் தனி விலை, தனித் தாள். 'எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்' என்று ஏஜென்ட் சொன்னால், அவருக்கு இதில் எத்தனை சதவீதம், அதை யார் தருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.