டைரியில் 580 என்று எழுதிய பையனின் அப்பாவுக்கு

அண்ணா, போன சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது "புது வருஷம் பொறக்குது, இவனுக்கு ஒரு டார்கெட் போட்டுக் குடுங்க சார்" என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் பையன் தன் டைரியை எடுத்து நீட்டினான். ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான், மொத்தம் பதினொன்று. பிளஸ் டூவில் 600க்கு 580 எடுப்பேன். காலை 4 மணிக்கு எழுந்திருப்பேன். தினமும் பத்து மணி நேரம் படிப்பேன். போனைத் தொடவே மாட்டேன். இப்படியே போய், ஏழாவதாக "அப்பாவைத் தலைகுனிய விடமாட்டேன்" என்று இருந்தது. அதைப் படித்ததும் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அன்றைக்கு அவன் எதிரில் பேச முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன். அவனும் படித்தால் பரவாயில்லை.

அந்தப் பதினொன்றையும் அவன் வெட்கத்தில் எழுதியிருக்கிறான். அரையாண்டு மார்க்கை வீட்டில் சொன்ன ராத்திரி, நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போன ராத்திரி எழுதியது என்று அவனே சொன்னான். வெட்கத்தில் போடுகிற பட்டியல் பொங்கல் வரைக்கும்கூட தாங்காது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் போட்டவன்தான். வேலூர் அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், நான் காலேஜ் இரண்டாம் வருஷம், அலைடு கெமிஸ்ட்ரியில் ஒரு அரியர் நின்றது. டிசம்பர் 31 ராத்திரி சிவப்பு மையில் "ஐஏஎஸ்" என்று எழுதி சுவரில் ஒட்டினேன். ஒட்டிய காகிதத்தில் அரியரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஏப்ரலில் அதே பேப்பர் மறுபடியும் போனது.

நீங்கள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இத்தனை வருஷம் இருப்பவர். ஒரு லாட்டில் பன்னிரண்டு ஜோடி ரிஜெக்ட் ஆனால் "நாளையிலிருந்து நல்ல ஷூ போடுவோம்" என்று போர்டில் எழுதிவிட்டா வீட்டுக்குக் கிளம்புவீர்கள்? தையல் விட்டதா, பேஸ்ட் பிடிக்கவில்லையா, லாஸ்டிங்கில் அச்சு மேல் கோணலாக இழுத்துவிட்டார்களா, தோலிலேயே கீறல் இருந்ததா என்று பிரித்துப் பிரித்து வைப்பீர்கள். பையன் விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டி "ஒழுங்கா படிக்கல" என்று முடித்துவிட்டீர்கள். சரி, நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம் அது.

கணக்குப் பேப்பரை விரித்து வைத்தோம். 90க்கு 47. ஒரு மதிப்பெண் கேள்வி 20இல் 11, இரண்டு மதிப்பெண் பகுதியில் 14க்கு 9, மூன்று மதிப்பெண்ணில் 21க்கு 12, ஐந்து மதிப்பெண்ணில் 35க்கு 15. அந்த ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஏழில் இரண்டைத் தொடவே இல்லை, பேப்பர் வெள்ளையாக இருந்தது. "இது தெரியாதா தம்பி?" என்றேன். பேசவில்லை. ஒரு தாளைக் கொடுத்துப் போடச் சொன்னேன். ஒன்றை பதினொரு நிமிஷத்தில் போட்டுவிட்டான், சுத்தமாக, கடைசி வரி வரைக்கும். இன்னொன்றில் பாதியில் ஒரு மைனஸ் குறி தவறிப் போனது, அவ்வளவுதான். அப்புறம் ஏன் விட்டாய் என்று கேட்டதற்குத்தான் உண்மை வந்தது: ஒரு மதிப்பெண் கேள்விகளிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்திருக்கிறான், பயத்தில். கடைசி மணி அடிக்கும்போது கையில் ஐந்து மதிப்பெண் கேள்வி இரண்டு மிச்சம். ஆக அவன் இழந்த 43இல் பத்து மார்க் நேரத்தில் போயிருக்கிறது. இன்னும் ஒரு பத்து குறி மாறியும் கூட்டல் தவறியும் போயிருக்கிறது. தெரியாமல் போனது பாதிதான். இதை நீங்களும் அவனும் கண்டுபிடிக்காமலே "தினமும் பத்து மணி நேரம் படிப்பேன்" என்று எழுதினால், நேரத்தில் போன மார்க் மார்ச்சிலும் நேரத்தில்தான் போகும்.

அடுத்தது இயற்பியல், இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். 70க்கு 31. ஐந்து மதிப்பெண் பகுதியில் 25க்கு 9. அதில் மின்மாற்றியின் (டிரான்ஸ்ஃபார்மர்) அமைப்பும் செயல்பாடும் என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது, அவன் நாலு வரி எழுதி விட்டுவிட்டான். நான் அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன். சும்மா பேச்சுக்கு, "இந்த வருஷம் எதைச் செய்யும்போது உனக்கு நேரம் போனதே தெரியல?" என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்விதான், பாதிப் பேர் கேம் என்பார்கள். இவன் மே லீவில் குடியாத்தத்தில் அவன் மாமா வைத்திருக்கும் மோட்டார் வைண்டிங் கடையில் ஒரு மாதம் இருந்ததைச் சொன்னான். எரிந்துபோன மோட்டாரைப் பிரிப்பது, பழைய காயிலை எண்ணி எடுப்பது, புதுக் கம்பி சுற்றுவது, வார்னிஷ் போடுவது. கை ஆடிக்கொண்டே இருந்தது சொல்லும்போது. கோர், அதாவது காயில் சுற்றுகிற நடு இரும்பு, ஏன் கட்டியாக இல்லாமல் தகடு தகடாக அடுக்கியிருக்கிறது என்று கேட்டேன். "கட்டியா இருந்தா உள்ளுக்குள்ளயே கரண்ட் சுத்தும் சார், சூடாகி வீணாப் போயிடும்" என்றான். அண்ணா, பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் சுழல் மின்னோட்டம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நாலாவது அலகு, மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும், முழுக்க அவன் மாமா கடைதான். கையில் இருப்பது பேப்பரில் வரவில்லை. அப்போதே உட்கார வைத்து, அந்த மின்மாற்றிக் கேள்வியை மாமாவுக்கு விளக்குகிற மாதிரி எழுதச் சொன்னேன். முதன்மைச் சுருள், துணைச் சுருள் என்கிற பெயர்கள் மட்டும் நான் எடுத்துக் கொடுத்தேன். முக்கால் பக்கம் எழுதினான்.

டைரியில் பதினொன்று இருந்தும் இந்த மே மாதம் ஒரு வரியாகக்கூட இல்லை. போன வருஷத்தில் அவனுக்கு நடந்த நல்ல விஷயம் இதுதான், அதை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஏனென்றால் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தமிழில் 82 எடுத்ததையும் யாரும் கேட்கவில்லை என்றான், அது தனிக் கதை.

இப்போது டார்கெட். 580ஐ அடித்துவிட்டேன். அந்த நம்பர் அவன் கையில் இல்லை, திருத்துகிறவர் கையிலும் கேள்வித்தாள் கையிலும் இருக்கிறது. அவன் கையில் இருப்பதாக மூன்றை மட்டும் எழுதினோம். ஒன்று, ஸ்கூல் விட்டு வந்ததும், முகம் கழுவி டிபன் சாப்பிட்ட கையோடு, 20 ஒரு மதிப்பெண் கேள்வி, பதினைந்து நிமிஷம், வாட்சை எதிரில் வைத்து. நேரம் முடிந்தால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும், மிச்சம் இருந்தாலும். இயற்பியலில் அவன் விட்ட ஒரு மதிப்பெண் கேள்விகள் எட்டில், ஐந்து கேள்விகள் பாடத்தின் பின்பக்கம் இருப்பவை, அதனால் அங்கிருந்தே தொடங்கட்டும். இரண்டு, பிப்ரவரி முடியும் வரை ஏழெட்டு ஞாயிறு இருக்கிறது, பொங்கலை விட்டுவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 மணிக்கு உட்கார்ந்து 1.15 வரை ஒரு முழுக் கணக்குப் பேப்பர், பப்ளிக் பரீட்சை நேரத்திலேயே. ஏன் கணக்கு என்றால், இன்ஜினியரிங் கட் ஆஃப் 200இல் கணக்கின் நூறும் அப்படியே சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகித்தான் சேரும். கணக்கில் கூடுகிற ஒரு மார்க், இயற்பியலில் கூடுகிற இரண்டு மார்க்குக்குச் சமம். மூன்று, வாரம் ஒரு முறை ராத்திரி மாமாவுக்கு போன் போட்டு, அந்த வாரம் படித்த ஒரு பாடத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். மாமா எட்டாவதோடு நிறுத்தியவராம், அது இன்னும் நல்லது, மழுப்ப முடியாது.

4 மணிக்கு எழுவதை எடுத்துவிட்டேன். ராத்திரி 11 மணி வரை டிவி ஓடுகிற வீட்டில் 4 மணிக்கு எழுகிற பையன் கெமிஸ்ட்ரி கிளாஸில் தூங்குவான். போனைத் தொடவே மாட்டேன் என்பதையும் எடுத்துவிட்டேன், மாமாவுக்குப் பேச அது வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். ஆனால் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் ரீல்ஸ் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும், சொல்லிவிட்டேன். செய்முறைத் தேர்வைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: இயற்பியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ரெக்கார்டு நோட்டில் அவன் இரண்டு சோதனை பாக்கி வைத்திருக்கிறான், ஸ்கூல் திறந்த வாரமே முடிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் இன்ஜினியரிங், வேளாண்மை எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். அதில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் கட்டணம், ஹாஸ்டல் செலவை அரசே ஏற்கிறது. அவன் ஏழாவது வரை பேரணாம்பட்டில் ஒரு பள்ளி, எட்டாவதிலிருந்து வேறு பள்ளி. இரண்டு இடத்திலும் படித்ததற்குச் சான்று வேண்டும். இதை மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு ஓடிப்போய் வாங்குகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன், ஹெச்எம் லீவில் இருப்பார், கிளார்க் தேர்தல் டூட்டி என்பார்கள். ஜனவரியில் ஒரு நாள் லீவு போட்டு வாங்கி வையுங்கள். சாதிச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அவன் அக்கா பி.காம். முடித்திருப்பதால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இவனுக்கு வராது, அதற்காக இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. காட்பாடியில் பஸ் திரும்பினால் விஐடி, டவுனுக்குள் வந்தால் சிஎம்சி. கண்ணெதிரில் இரண்டு பெரிய கட்டடம் இருந்தால் மற்றதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும். பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருப்பதை உங்களிடம் சொன்னபோது "அது பாலிடெக்னிக்தானே" என்றீர்கள். அது இன்ஜினியரிங் கல்லூரி, பாலிடெக்னிக் தனி. அரசுக் கட்டணம், வீட்டிலிருந்து போய் வரலாம். கட் ஆஃப் அங்கேயும் போதவில்லை என்றால், பிளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. நேராக இரண்டாம் வருஷம் போகலாம். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ கையில் இருந்தால் ராணிப்பேட்டை பெல் (பிஹெச்இஎல்) தொழிற்சாலையில் அப்ரண்டிஸுக்கு விண்ணப்பிக்கலாம். இதைச் சுற்று வழி என்று சொல்கிறார்கள். காயில் சுற்றுகிற பையனுக்கு இது எனக்கு நேர்வழியாகத்தான் தெரிகிறது.

"இவன் மேல தோல் வாசனை படக்கூடாது சார்" என்று கிளம்பும்போது சொன்னீர்கள். முப்பது வருஷமாக அந்த வாசனையோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர் சொல்கிற வார்த்தை, அதற்கு மேல் நான் பேச முடியாது. ஆனால் உங்கள் கம்பெனியிலேயே மெஷின் நின்றால் எல்லோரும் யாரைத் தேடி ஓடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆளிடம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவிடுங்கள். அரை மணி நேரம் போதும்.

பொங்கல் முடிந்து வருகிற முதல் ஞாயிறு அவன் பேப்பர் எழுதியதும் வாருங்கள். திருத்தாமல் கொண்டுவாருங்கள், 1.15க்குப் பேனா எந்தக் கேள்வியில் நின்றது என்று அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கட்டும். அந்த டைரியையும் எடுத்துவரச் சொல்லுங்கள், பதினொன்று எழுதிய பக்கத்தைத் தவிர மீதி எல்லாம் காலியாகத்தான் இருக்கிறது, நல்ல கெட்டித் தாள், ரஃப் ஒர்க் போட உதவும்.