மன்னாருக்குப் போகுமுன் பின் பல்கனிக்குப் போங்கள்

கேள்வி: எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டி இருக்கிறது. பின் பல்கனியில் நின்றால் கொக்குகள் தெரியும். பறவை பார்க்க எனக்கு ஆசை. வீட்டிலோ, “ஊத்தைத் தண்ணீர்க் கொக்கில் என்ன இருக்கு? மன்னாருக்குப் போய்ப் பூநாரையைப் பார்” என்கிறார்கள். கொக்குகள் கிட்ட வர, பாண் போடலாமா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: பாண் போடவே வேண்டாம். கொக்குக்கு வேண்டியது மீன், தவளை, பூச்சி. பாணுக்குக் காகம்தான் கூடும். மிச்சம் தண்ணீரில் கிடந்து நாறும்.

மன்னாருக்கும் ஒருமுறை போங்கள். ஆனால் வெள்ளையாக நிற்பதெல்லாம் ஒரே கொக்கு என்று நினைப்பவருக்கு அங்கே போயும் பெரிதாக ஒன்றும் தெரியாது. முதலில் காலைப் பாருங்கள். அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் சப்பாத்துப் போட்டதுபோல இருந்தால் அது சின்னக் கொக்கு. அந்தப் பாதத்துக்கு வேலை இருக்கிறது. ஆழமில்லாத தண்ணீரில் ஒரு காலை முன்னே வைத்து நடுக்கும், சேறு கலங்கும், ஒளிந்திருந்த மீன்குஞ்சு வெளியே ஓடும், அலகு இறங்கும். பொறுமையாகப் பார்த்தால் மேலிருந்தே இதெல்லாம் தெரியும். மஞ்சள் அலகோடு புல்லில் பூச்சி பொறுக்குவது உண்ணிக்கொக்கு. கரையோடு கரையாக மண்ணிறத்தில் குந்தியிருப்பது மடையான். அது இருப்பதே, வெள்ளைச் சிறகை விரித்து எழும்பும்போதுதான் தெரியவரும். செப்டெம்பர் வாக்கில் கால்வாய்க் கட்டில் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடக்கும் சின்ன உள்ளானைத் தேடுங்கள். வடக்கே வெகு தூரத்திலிருந்து வந்து, ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகிற பறவை அது. அதற்கு இந்தக் கால்வாய் போதும், நமக்குப் போதாதா?

சரி, ஊத்தைத் தண்ணீர். அதை ஊத்தையாக்கியது கொக்கு இல்லை. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் முதன்முதலாக 18 நகரங்களுக்குக் கிடைத்தது. கொழும்பும் அதில் ஒன்று. தலங்கம, பெத்தகான, பெல்லன்வில – அத்திடிய என்று மிஞ்சியிருக்கும் ஈரநிலங்கள்தான் பெருமழைத் தண்ணீரைத் தேக்கிவைத்து நம் வீடுகளைக் காப்பாற்றுகின்றன. அந்த நகரத்தில் இருந்துகொண்டு பின் ஜன்னலால் குப்பைப் பையை வீசுகிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

உங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர் கூட்டம் அடுத்த முறை நடக்கும்போது, கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று எழுந்து கேளுங்கள். கிடைக்கிற பதிலை எங்களுக்கும் எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.